கறுப்புக்கு மசியாத சிவப்பு

என் அக்காவைத் தெருவில் எல்லோரும் வெட்டுக்கிளி என்றுதான் கூப்பிடுவார்கள். முழங்காலை மடக்கி, பித்தளைத் தகட்டின் மேல் குனிந்து அவள் எழுத்து வெட்டும் தோரணை அப்படி. அந்தப் பெயரை வைத்த டெய்லருக்குக் கடைப்பலகை வெட்டிக் கொடுத்தபோது, மூலையில் சின்னதாக ஒரு கழுதையையும் வெட்டிவிட்டாள். அவர் அதைக் குதிரை என்று நினைத்துப் பெருமையாக மாட்டி வைத்திருக்கிறார்.

மற்றபடி வேலையில் விளையாட்டு கிடையாது. எழுத்தை ஆழமாக வெட்டி, பள்ளத்தில் எனாமல் பெயின்டை நிரப்பி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்ப்பாள். வழிந்ததெல்லாம் போய் எழுத்து மட்டும் நிறத்தோடு நிற்கும்.

நான் வேலை பார்த்த ஆலையில், கேட்டுக்கு உள்ளே இருக்கும் பெரிய பித்தளைப் பலகையும் அவள் வெட்டியதுதான். நிரந்தரத் தொழிலாளர்கள் எல்லோர் பெயரும் அதில் உண்டு. வேலையில் இருப்பவருக்குச் சிவப்பு, விலகியவருக்குக் கறுப்பு. நிறம் மாற்றவும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

இயந்திரத்துக்குத் தடுப்பு இல்லாததால் என் விரல் ஒன்று போனது. தடுப்பு போடச் சொல்லி நச்சரித்தேன். வேலையை விட்டே தூக்கிவிட்டார்கள். நான் வழக்குப் போட்டேன். உடனே மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டு என் பெயரைக் கறுப்பாக்கச் சொன்னார்.

"தீர்ப்பு வரட்டும் சார். அவ விலகல. நீங்கதான் வெளிய அனுப்பியிருக்கீங்க," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

மேனேஜர் வெள்ளையடிக்க வந்தவரைப் பிடித்தார். அவர், பாவம், சிவப்பின் மேலேயே கறுப்பைத் தடவினார். கேட் கம்பி வழியாகப் பார்த்தேன். உயிரோடு புதைத்த மாதிரி இருந்தது. அக்கா மட்டும் சிரித்தாள். பழைய பெயின்டை ஊசியால் தோண்டி எடுக்காமல் மேலே பூசினால் தங்காதாம். சொன்ன மாதிரியே, பலகைக்குப் பாலிஷ் போட்டுத் தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு செதில் செதிலாக உரிந்தது. சிவப்பு எட்டிப் பார்த்தது. ஆலை முழுக்க அதே பேச்சு.

மேனேஜருக்குப் பொறுக்கவில்லை. மறுபடியும் அக்காவுக்கு ஆள் அனுப்பினார். மறுத்தால் இனி ஆலை வேலை எதுவும் கிடையாது என்று மிரட்டல் வேறு. அவள் ஊசியையும் பெயின்ட் டப்பாவையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் பின்னாலேயே போய் கேட்டுக்கு வெளியே நின்றேன்.

ஷிப்ட் மாறும் நேரம், நல்ல கூட்டம். அக்கா என் பெயரிலிருந்த கறுப்பைத் தோண்டினாள். பிறகு சிவப்பையும் தோண்டினாள். வெறும் பித்தளை தெரிந்தது. கூடப் பிறந்தவளே விலைபோய்விட்டாளே என்று நினைத்தேன்.

அவள் டப்பாவைத் திறந்தாள். உள்ளே இருந்தது சிவப்பு. ஒவ்வொரு எழுத்தாக நிதானமாக நிரப்பினாள்.

மேனேஜர் கத்தினார். அக்கா ஊசியை அவரிடம் நீட்டினாள்.

"எனக்கு வேல குடுக்காதீங்க, பரவால்ல. இவ பேரச் சுரண்டணும்னா நீங்களே சுரண்டுங்க. எல்லாரும் பாத்துட்டுத்தான் நிக்கறாங்க."

அத்தனை பேர் நடுவில் அவர் அந்த ஊசியை வாங்கவில்லை. பிறகும் பலகையைத் தொட ஒருத்தரும் முன்வரவில்லை. வெள்ளையடிப்பவர்கூட ஏணி உடைந்துவிட்டது என்றாராம்.

அக்காவுக்கு ஆலை வேலை போனது போனதுதான். அதைப் பற்றிப் பேச்செடுத்தால் எரிந்து விழுகிறாள். வழக்கு இன்னும் இழுத்துக்கொண்டே போகிறது. ஷிப்ட் மாறும் நேரத்தில் நான் தினமும் கேட்டுக்கு முன்னால் போய் நிற்கிறேன். உள்ளே என் பெயர் சிவப்பாகத்தான் இருக்கிறது.