கத்திரிப்பூ மையில் அவர் கையெழுத்து

எனக்குப் பேனாப் பைத்தியமெல்லாம் கிடையாது. என் மகளுக்குத்தான். ஐ.டி. வேலை, கை நிறையச் சம்பளம், வாங்குவது என்னவோ மருந்துக் குப்பி அளவில் மை பாட்டில். நீலசந்திராவில் எங்கள் வீட்டு அலமாரியில் பருப்பு டப்பாவுக்கு இடமில்லை, மைக்கு இருக்கிறது! போன ஞாயிற்றுக்கிழமை காலையில் கத்திரிப்பூ நிறத்தில் புதிதாக ஒன்றைப் பேனாவில் நிரப்பி என்னிடம் நீட்டினாள்.

"ஒரு வாட்டி எழுதிப் பாரும்மா. காஞ்சதும் கலர் மாறும்."

"நான் என்னத்தடி எழுதறது?"

"ஏதாவது கிறுக்கு."

பக்கத்தில் கிடந்த கரண்ட் பில்லைத் திருப்பிப் போட்டேன். "ஐயோ, அதுல மை ஊறும்மா" என்று தன்னுடைய நோட்டைத் தள்ளினாள். பழக்கதோஷம், முதலில் பிள்ளையார் சுழி போட்டேன். அப்புறம் கை அதன் பாட்டுக்கு ஓடியது. பார்த்தால் என் வீட்டுக்காரர் கையெழுத்து! பெரிதாக ஒரு எழுத்து, பின்னால் ஒரு இழுப்பு, அடியில் இரண்டு புள்ளி. அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது.

அவருக்குப் பொம்மசந்திராவில் ஃபேக்டரி வேலை. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தால் அடித்துப்போட்ட மாதிரி தூங்குவார். மகளின் பள்ளிக்கூடத்திலோ ப்ராக்ரஸ் கார்டில் அப்பா கையெழுத்துதான் வேண்டும் என்று அடம். எழுப்பினால், "நீயே போட்டுடு, யாரு பாக்கப்போறா" என்று புரண்டு படுத்துக்கொள்வார். ஒன்றாவதிலிருந்து பத்தாவது வரை நான்தான் போட்டேன். போகப்போக அவர் போடுவதைவிட நான் போட்டது நன்றாகவே இருந்தது. மகளிடம் மட்டும் மூச்சு விடவில்லை. அப்பா பார்த்தார், சந்தோஷப்பட்டார் என்றே சொல்லிவைத்தேன். அந்தக் கார்டுகளை இன்றைக்கும் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

அதுகூடப் போகட்டும். ஆஸ்பத்திரியில் அவருடைய ஆபரேஷனுக்கு முதல் நாள், பேஷன்ட்டிடம் கையெழுத்து வாங்கி வரச் சொல்லி நர்ஸ் என்னிடம் ஒரு சம்மத ஃபாரம் கொடுத்தாள். "வேணாம். என்னை வூட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்றார். கெஞ்சினேன். கத்தினேன். சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். நான் வராந்தாவுக்கு வந்து அவர் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டேன். பிழைத்தால் போதும் என்றுதான். மறுநாள் அவரை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். என்னை ஒரு பார்வை பார்த்தார். உயிரோடு திரும்பவில்லை. குளிக்கும்போதும் குழம்பு கொதிக்கும்போதும் அந்தப் பார்வை என் முதுகில் இருக்கிறது.

"அப்பாவே சம்மதிச்சு சைன் போட்டாரு, நம்ம மேல தப்பில்லம்மா." மூன்று வருஷமாக மகள் இதைச் சொல்லித்தான் தன்னைத் தேற்றிக்கொள்கிறாள். என்னையும்தான்.

மை காய்ந்தது. ஓரத்தில் செம்பு நிறம் ஏறியது. அவள் நிறத்தைப் பார்க்கவில்லை.

"அம்மா, இது அப்பா சைன்."

கோடு போட்டு அதை அடிக்கப் போனேன். பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அப்ப என் ப்ராக்ரஸ் கார்டெல்லாம்?"

"நான்தான்டி போட்டேன்."

"எல்லாமேவா?"

தலையாட்டினேன். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. அடுத்து என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு பொய்யைத் தேடினேன். பாவி, ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"ஆஸ்பத்திரில?"

"அதுவும்."

"அப்பா வேணாம்னாரா?"

"வேணாம்னாரு."

அவள் நோட்டில் வெறும் பக்கம் ஒன்றைத் திருப்பி, பேனாவை என் முன்னால் வைத்தாள்.

"இன்னொரு வாட்டி போடும்மா."

அப்பாவைப் பார்க்கக் கேட்கிறாளா, என்னைச் சோதிக்கக் கேட்கிறாளா, எனக்குப் புரியவில்லை. போட்டேன். கை நடுங்கிக் கோணலாக வந்தது. அன்றைக்கு வராந்தாவில் துளிகூட நடுங்கவில்லை.