ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லாமல்

இரண்டு வருடங்களுக்கு முன், குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்திருந்த ஆனி மாதம் அது. எங்கள் வீடு மேலகரத்தில். அதற்கு ஒரு மாதம் முன்புதான் என் கணவருக்கு அலுவலகத்தில் நெஞ்சுவலி வந்து, திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்துக் கூட்டி வந்திருந்தோம். டிஸ்சார்ஜ் செய்யும்போது டாக்டர், "எண்ணெய், நெய், தேங்காய் எல்லாம் குறைக்கணும்" என்று சொன்னார். பயத்தில் என் காதில் விழுந்தது "நிறுத்தணும்" என்றுதான்.

நாங்கள் சைவம். கறி மீனை நிறுத்தினோம் என்று சமாதானப்பட வழியில்லை. இருப்பது சாம்பார், புளிக்குழம்பு, காயைத் தாளித்து வதக்கும் துவட்டல்தான். அதில் எதைக் குறைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாளே தென்காசிக்குப் போய், கோயில் பக்கத்தில் இருக்கும் ஒரு புத்தகக் கடையில் சமையல் புத்தகம் கேட்டேன். கடைக்காரர் ஏழெட்டு எடுத்துப் போட்டார். நான் உள்ளே புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. அட்டையில் 'ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லாமல்' என்று பெரிதாகப் போட்டிருந்த ஒன்றை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் கலர் படம். அதை மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து வீட்டில் எல்லாமே ஆவியில் வெந்தது. புத்தகத்தில் இருந்த பாதிக் காய்கள் எங்கள் சந்தையில் கிடைக்காது. கிடைத்ததைப் போட்டு அதே முறையில் செய்தேன். தாளிப்பது கிடையாது. தேங்காய்க்கு வீட்டுக்குள்ளேயே இடமில்லை. அவர் ஒன்றும் சொல்லமாட்டார். வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, "நல்லாருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லி எழுந்து போவார். ஆள் மெலிந்துகொண்டே வந்தார், பேச்சும் குறைந்தது. நோய் அப்படித்தான் ஆக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் நடக்கச் சொல்லியிருந்ததால் தினமும் சாயங்காலம் குற்றாலம் வரை போய்வருவார். ஒருநாள் பக்கத்து வீட்டு அம்மா பேச்சுவாக்கில், "உங்க வீட்டுக்காரரை அருவிக்குப் போற வழியில சிப்ஸ் கடையில பார்த்தேன். நேத்தும் அங்கனதான் உக்காந்திருந்தாக" என்றாள்.

கட்டியிருந்த சேலையோடு ஆட்டோ பிடித்துப் போனேன். அந்தம்மா சொன்னது சரிதான். ரோட்டோரத்தில் பெரிய வாணலியில் தேங்காயெண்ணெய் கொதிக்க, ஒரு பெண் நேந்திரங்காயைச் சீவிப் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் முக்காலியில் இவர்.

"இதுக்குத்தான் வாக்கிங் வாரீகளா? நான் அங்கன கிடந்து வேகுதேன், நீங்க இங்கன வந்து எண்ணெயில பொரிச்சதைத் திங்கீக. என்னைத் தனியா விட்டுட்டுப் போயிரணும்னு முடிவு பண்ணிட்டீகளா?"

குளித்துவிட்டு ஈரத் தலையோடு போய்க்கொண்டிருந்தவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அது எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. மேலும் கத்தப் போனபோது அந்தக் கடைக்காரப் பெண் அடுப்பைக் குறைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"அக்கா, கொஞ்சம் பொறுங்க. அண்ணாச்சி இன்னைவரைக்கும் ஒரு சிப்ஸ் எடுத்து வாயில போட்டதில்ல. சீனி இல்லாம ஒரு டீ பக்கத்துக் கடையில வாங்கிட்டு வந்து இங்கன உக்காருவாக. வாசம் புடிச்சுக்கிட்டு இருந்துட்டுப் போயிருவாக. நானே ஒருநாள் பாவமேன்னு ரெண்டு எடுத்துக் குடுத்தேன். 'வேண்டாம்மா, வீட்ல அவ எனக்காகப் பாடுபடுதா, அவளை ஏமாத்தக் கூடாது'ன்னு சொல்லிட்டாக."

அவர் முக்காலியை விட்டு எழுந்தார். அவள் என்னைப் பிடித்து அந்த முக்காலியிலேயே உட்கார வைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு மெதுவாக, "வீட்ல என்னக்கா சமைக்கீக?" என்று கேட்டாள். சொன்னேன். "தாளிதம்கூடக் கிடையாதா!" என்று வாயில் கை வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அவர் வாயைத் திறந்தார். "கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டு ஒரு மாசம் ஆச்சு" என்றார். அதில் குறை சொல்கிற தொனியே இல்லை. அதுதான் என்னை அழ வைத்தது.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ அந்தப் புஸ்தகத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்யுத. எப்படிச் சொல்ல?"

அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போய் உணவு ஆலோசகரைப் பார்த்தோம். அந்தப் பெண் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "எண்ணெயே கூடாதுன்னு யாரும்மா சொன்னா? அளவுதான் முக்கியம்" என்று, ஒரு நாளைக்கு எத்தனை டீஸ்பூன் என்று தாளில் எழுதிக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் அதே புத்தகக் கடைக்குப் போனோம். இந்தத் தடவை இருவரும். கடைக்காரர் எடுத்துப் போட்டதையெல்லாம் என் கணவரே மடியில் வைத்துப் புரட்டினார். "இதுல இருக்க காய் ஒண்ணும் நம்ம ஊர்ல விளையாது" என்று ஒன்றை ஒதுக்கினார். "இதுல எத்தனை பேருக்குன்னே போடல" என்று இன்னொன்றைத் தள்ளினார். கடைசியில் படமே இல்லாத ஒரு ஒல்லிப் புத்தகத்தில் விரலை வைத்து, "ஏட்டி, இங்க பாரு, சீனியவரைக்காய் துவட்டல் இருக்கு. தாளிக்க ஒரு டீஸ்பூன்னு அளவும் போட்டிருக்கு" என்றார். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ஒரு சந்தோஷம் அந்த முகத்தில். நான் பார்த்துப் பல நாள் ஆகியிருந்தது.

இப்போது அவர் நன்றாக இருக்கிறார். பரிசோதனைக்குப் போனால் டாக்டர் திருப்தியாகத் தலையாட்டுகிறார். காலையில் பேப்பர் படித்து முடித்ததும் அந்தப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு அன்றைக்கு என்ன செய்யலாம் என்று அவர்தான் சொல்கிறார். நான் அளந்து ஊற்றுகிறேன்.

அன்று நடுரோட்டில் நான் கத்தியதைப் பற்றி அவர் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. நானாகத்தான் நினைத்துக்கொள்கிறேன். அந்த ஒரு மாதமும் நான் பத்தியம் சமைத்தது என்னுடைய பயத்துக்கு. அதை ஒரு வாய் விடாமல் சாப்பிட்டுத் தீர்த்தவர் அவர்.