டி.சி. வாங்கிய ராஜா

கம்பத்தில் எட்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவள் நான். அப்பாவுக்குக் குமுளியில் ஏலக்காய்க் கடையில் வேலை கிடைத்ததும் குடும்பத்தோடு மலையேறினோம். கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பில் இடம் கேட்டு, அம்மாவும் நானும் மூன்று நாள் கேட்டுக்கு வெளியே நின்றோம். ஜூன் மாத மழை. முதல் நாளே என் செருப்பு அறுந்துபோனது. மலையாளம் தெரியாத பிள்ளையை என்ன செய்வது என்று உள்ளே யோசித்துக்கொண்டிருந்தார்களாம். மூன்றாம் நாள் ஒரு சிஸ்டர் வந்து கேட்டைத் திறந்தார். ஓணப் பரீட்சை வரை பார்க்கலாம், தேறாவிட்டால் எட்டாம் வகுப்புக்கு இறங்க வேண்டும் என்றார்.

சின்ன வகுப்புதானே என்று எட்டாம் வகுப்பில் என் தங்கையை உடனே சேர்த்திருந்தார்கள்.

"ஒனக்கு எங்க பெஞ்சுல எடம் புடிச்சு வச்சிருக்கேன்க்கா" என்று தினமும் பஸ்ஸில் சொல்வாள். குசும்பு பிடித்தவள். தங்கையோடு ஒரே பெஞ்சில் உட்காருவதைவிட ஏலத்தோட்டத்தில் களை பிடுங்கப் போகலாம் என்று தோன்றும்.

கேட்டைத் திறந்த சிஸ்டர்தான் எங்களுக்கு வகுப்பு டீச்சர். திருச்சபைச் சரித்திரமும் ஐரோப்பியச் சரித்திரமும் அவர் பாடம். ஐரோப்பா முழுக்க அவருக்குச் சொந்தக்காரர்கள் இருப்பது போலத்தான் பேசுவார். எந்தச் சண்டையிலும் அவர் போப்பின் கட்சி. சபையை விட்டுப் பிரிந்துபோனவர்களைப் பற்றிச் சொல்லும்போது, பாகம் பிரித்துக்கொண்டு போன தம்பியை நினைத்ததுபோலப் பெருமூச்சு விடுவார். எனக்கு அந்த வகுப்பு என்றால் உயிர். மலையாளம் பாதிதான் புரியும், மீதியை நானே இட்டுக்கட்டிக்கொள்வேன்.

சிஸ்டர் மூச்சுக்கு மூச்சு 'பள்ளி' என்பார். பள்ளி என்றால் பள்ளிக்கூடம், இதில் என்ன சந்தேகம்? மலையாளத்தில் அது மாதா கோயில் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. கண்டக்டர் "பள்ளிப்படி!" என்று கத்துவார், நான் இறங்குவேன், எதிரே என் பள்ளிக்கூடம் இருக்கும். அதே மதிலுக்குள் கோயிலும் இருந்ததுதான் வினை.

ஆகவே என் ஐரோப்பாவில் பள்ளிக்கூடங்களுக்கு ஏகப்பட்ட நிலம் இருந்தது. குடியானவர்கள் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை ஃபீஸாகக் கட்டினார்கள். போப் எல்லாவற்றுக்கும் ஹெச்.எம். பிறகு பள்ளி இரண்டாகப் பிளந்தது, அதாவது ஏ டிவிஷன், பி டிவிஷன். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியதில் எனக்கு ஒரே பெருமை.

ஓணப் பரீட்சையில், போப்பிடம் மன்னிப்புக் கேட்டு, அவர் தங்கியிருந்த கோட்டைக்கு வெளியே பனியில் நின்ற ராஜாவைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தார்கள். சிஸ்டர் கொஞ்ச காலம் கம்பத்தில் இருந்தவர், தமிழ் வாசிப்பார். அதனால் எனக்கு மட்டும் தமிழில் எழுத அனுமதி. இரண்டு பக்கம் வெளுத்துக்கட்டினேன்.

லீவு முடிந்து பேப்பர் கொடுத்த அன்று, என் விடையை சிஸ்டர் மலையாளத்தில் மாற்றி உரக்க வாசித்தார். ராஜா ஹெச்.எம். பேச்சைக் கேட்காமல் தன் ஆட்களையே வாத்தியாராகப் போட்டார். ஆகவே போப் அவருக்கு டி.சி. கொடுத்துப் பள்ளியை விட்டே அனுப்பிவிட்டார்.

வகுப்பு கூரை பறக்கச் சிரித்தது. சிஸ்டருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பள்ளி என்றால் கோயில் என்று பக்கத்துப் பெண் என் காதில் சொன்னதும் எனக்கு உயிரே போனது. சரி, எட்டாம் வகுப்புதான் என்று பையை மூடினேன்.

சிஸ்டர் கடைசிப் பத்திக்கு வந்தார். "மூன்று நாள் ராஜா வெறுங்காலோடு வெளியே நின்றார். உள்ளே ஆட்கள் நடப்பது தெரிந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் கேட் திறந்தபோது அவருக்குக் காலில் குளிரே தெரிந்திருக்காது."

வாசித்துவிட்டுப் பேப்பரை மடித்தார். பிறகு என்னிடம் வந்து மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்: "பள்ளி மாத்ரம் தப்பாப்போச்சு கொச்சே. பாக்கியெல்லாம் சரிதன்னே."

ஐந்துக்கு ஐந்து. மொத்தத்தில் நான் தேறிவிட்டேன், ஒன்பதாம் வகுப்பிலேயே இருக்கலாம்.

சாயங்காலம் பஸ்ஸில் தங்கையிடம், "அந்த எடத்த வேற யாருக்காச்சும் குடு" என்று ஜம்பமாகச் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்புறம்தான் தெரிந்தது, எட்டாம் வகுப்பில் அவளோடு தமிழ் பேச ஒருத்தி கூட இல்லை. ஜூன் மாதத்திலிருந்து தன் பக்கத்தில் பையை வைத்து, நிஜமாகவே இடம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து மத்தியானச் சோற்றை அந்த இடத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன்.