செவன் கிங்ஸ் வீட்டில் என் பெயருக்கு ஒரு கடிதம்

கடந்த ஒக்டோபரில், திருமணம் முடிந்து ஜேர்மனியில் இருந்து லண்டன் செவன் கிங்ஸுக்கு வந்தேன். கணவர் பத்து வருடமாக அதே வீட்டில் இருப்பவர். ஜேர்மனியில் வீடு மாறினால் இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும்; ஆளுக்கொரு தாள் தருவார்கள். இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துப் புறப்பட்டேன். முதியோர் இல்லம் ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் என் பெயரில் முகவரிச் சான்று காட்டாவிட்டால் வேலை அடுத்தவருக்கு.

செவ்வாய் காலை 9.10க்கு 86ஆம் இலக்க பஸ். இல்ஃபோர்டுக்குப் பத்து நிமிடம், கட்டணம் 1.75 பவுண்ட். அங்கே கவுன்சிலில், அதாவது உள்ளூராட்சி அலுவலகத்தில், நாற்பது நிமிடம் காத்திருந்தேன். மேசையில் இருந்தவர் யாழ்ப்பாணத்து அக்கா.

"இஞ்ச பதியிற கந்தோர் எண்டு ஒண்டும் இல்லை, தங்கச்சி. உங்கட பேரில வாற கடிதம்தான் பதிவு. கவுன்சில் டாக்ஸ் ஆற்ற பேரில?"

"அவற்ற."

"தண்ணி, கரண்ட்?"

"எல்லாம் அவற்றதான்."

அக்கா சிரிக்கவில்லை. தினமும் கேட்கிற பதில் போலும். வெளியே வந்து கணவருக்குப் போன் எடுத்தேன். "என்ர பேர் இருக்குத்தானே, அது காணாதே?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. மனிதர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அதனால் இன்னும் கூட வந்தது. பிறகு அவரே கவுன்சிலுக்குப் பேசி வீட்டு வரியில் என் பெயரைச் சேர்த்தார். புதிய பில் வரப் பத்து வேலைநாள். எனக்கு இருந்தது மூன்று.

இல்லத்து மனேஜரிடம் கேட்டதில், கிளினிக் கடிதம் என்றாலும் போதும் என்றார். நான் பதிந்திருந்த கிளினிக்குக்குப் போனேன், இருபது நிமிட நடை. முகவரிக்கென்று கடிதம் தருவதில்லையாம். ஆனால் போன வாரமே எனக்கு ஒன்று தபாலில் அனுப்பியிருக்கிறார்களாம்.

மூன்று மணிக்கு வீட்டில் கேட்டேன். கணவர் குசினியில் கரண்டிகள் கிடக்கும் லாச்சியைத் திறந்து எடுத்துத் தந்தார். வழக்கம்போல் பிரித்திருந்தார். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அழைப்பு.

"பொம்பிளையளின்ர விசயமாக் கிடந்தது. என்னெண்டு தாறது எண்டு யோசிச்சன்."

நான்கு நாள் யோசித்திருக்கிறார். வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தது நான். வெள்ளிக்கிழமை மனேஜர் பெயர், முகவரி, திகதி மூன்றையும் பார்த்தார். மிச்சத்தை ஒரு தாளால் மறைத்துப் பிரதி எடுத்தார். திங்கள் வேலை தொடங்கியது.

குடும்பமாக இங்கே வருகிறவர்களுக்கு: வந்த கிழமையே கவுன்சில் டாக்ஸில் இருவர் பெயரையும் போடுங்கள். டொக்டரிடம் உடனே பதியுங்கள். எந்தக் கடிதம் செல்லும் என்பது இடத்துக்கு இடம் வேறு. போக முதல் கேளுங்கள். பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு உட்பட்ட கடிதம் கேட்பார்கள். உங்கள் பெயர் வீட்டில் இருக்கிறதா என்று யாரும் வந்து விசாரிக்கமாட்டார்கள்.

பில் பதினோராம் நாள் வந்தது. அவருடைய பெயருக்குக் கீழே என்னுடையது. நான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது, பிரிக்காத கவரை அவர் நீட்டினார்.

"உமக்குக் கடிதம் வந்திருக்கு."