லேவி கோத்திரத்துக் கட்டிங் மாஸ்டர்

டீ பிரேக் மணி அடித்தால் சகாயராஜ் கட்டிங் மெஷினை நிறுத்தி, கம்பிவலைக் கையுறையைக் கழற்றிவிட்டு வேதாகமத்தைத் திறப்பார். எல்லோரும் தாண்டிப்போகிற பக்கங்கள்தான் அவருக்குப் பிடித்தவை: இன்னாருக்கு இன்னார் பிறந்தார் என்று ஓடும் வம்ச வரிசைகள். திருப்பூர் அனுப்பர்பாளையத்து பனியன் கம்பெனியில் இருபத்தாறு வருஷமாக அவர்தான் கட்டிங் மாஸ்டர். சொந்த ஊர் நாசரேத். தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்.

“நாங்க லேவி கோத்திரம்லா. இஸ்ரவேல் தேசத்து ஆசாரியமாரு வம்சம். எங்க தாத்தா சொல்லியிருக்காவ,” என்பார்.

“ஏனுங்க மாஸ்டர், அத்தன தூரத்துல இருந்து எப்படிங்க வந்தாங்க?” என்று செக்கிங் பிரிவு மயிலாத்தாள் கேட்பாள்.

“கப்பல்லதான்,” என்று டீயை ஆற்றுவார்.

அந்தக் கோத்திரத்தின் பேரில்தான் அவருடைய அக்கா ஜெபமணியை வீட்டைவிட்டு விலக்கினார்கள். வெளியாளைக் கட்டிக்கொண்டாள் என்று அப்பா குடும்பப் பட்டியலில் அவள் பெயரை அடித்தார். பேனா எடுத்துக் கொடுத்தது பதினாறு வயது சகாயராஜ். பிறகு அவளை யாரும் தேடவில்லை.

போன வருஷம் ஜெபக்கூட்டத்தில் யாரோ, எச்சிலைச் சோதித்தால் கோத்திரம் தெரிந்துவிடும் என்றார்கள். மகள் ஆஷாவுக்குக் கோவையில் மரபணு ஆய்வுக்கூடத்தில் வேலை. அவளிடம் கேட்டார்.

“தெரியாதுப்பா. இப்ப இருக்கிற மனுசங்களோடதான் ஒப்பிட முடியும். லேவியோட எச்சில் யாருகிட்ட இருக்கு?”

“நீ அனுப்பு. வாரது வரட்டும்.”

ஆறு வாரத்தில் முடிவு வந்தது. தென்னிந்தியர் என்றது. அப்பா வழி அடையாளமும் இங்கே பரவலாக இருப்பதுதான்.

“அப்போ தாத்தா சொன்னது பொய்யா, ஏளா?”

“அப்படியும் சொல்ல முடியாதுப்பா. அத்தன தலைமுறைக்கு முன்னாடி இருந்த ஒருத்தரோட சுவடே நம்ம உடம்புல இல்லாமப் போயிருக்கலாம். இந்த டெஸ்டுக்கு அது தெரியாது, அவ்வளவுதான்.”

பேசிக்கொண்டே செல்போன் திரையைத் தள்ளியவளின் விரல் நின்றது. சோதனை செய்துகொண்டவர்களில் அவருக்கு உறவானவர்கள் என்று ஒரு பட்டியல். முதல் பெயர் அனுசுயா, விருதுநகர்.

“கால்வாசி பொருந்துதுப்பா. கூடப்பிறந்தவங்க பிள்ளையா இருக்கணும்.”

அவருக்குக் கூடப்பிறந்தவள் ஒருத்திதான். கீழே ஒரு செய்தியும் இருந்தது: ‘என் அம்மா பேர் ஜெபமணி. உங்களுக்குத் தெரியுமா?’ கூடவே ஒரு எண்.

இரண்டு நாள் டீ பிரேக்கில் சகாயராஜ் வேதாகமத்தைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சர்ச்சுக்கு வெளியே வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போய் அந்த எண்ணை அழுத்தினார். ஒரு பெண் எடுத்தாள்.

“நான் சகாயராஜ் பேசுதேன். திருப்பூர்ல இருந்து. ஒனக்கு மாமா முறை.”

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“இருங்க மாமா. அம்மாட்ட குடுக்கேன்.”

சகாயராஜ் குனிந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.