செல்வியின் தாடையும் தூத்துக்குடிப் போட்டியும்

போன ஜூலையில் தூத்துக்குடிக்குப் போனது கடல் பார்க்க அல்ல. என் மனைவி செல்வி பள்ளி ஆசிரியை, நாற்பத்தொரு வயது. இரண்டு வருடமாகப் பளு தூக்குகிறாள், கம்பியைத் தரையிலிருந்து இடுப்பு வரை தூக்கும் டெட்லிஃப்ட். அங்கே நடந்ததுதான் அவளுடைய முதல் போட்டி. மதுரை மாட்டுத்தாவணியில் காலை ஆறரைக்குப் பஸ் ஏறினால் மூன்று மணி நேரம். (எட்டயபுரம் தாண்டினால் வெயில் ஏறிவிடும், இடம் பார்த்து உட்காருங்கள்.)

போட்டி மறுநாள்தான். மதியம் புன்னைக்காயலுக்கு ஆட்டோ பேசினோம். காத்திருப்பதற்கும் சேர்த்து ஆயிரத்து இருநூறு. கரையோரக் கடையில் வறுத்த சீலா மீன். முதல் வாயிலேயே செல்வி காதோரத்தைப் பிடித்துக்கொண்டாள். வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை.

ஆட்டோக்காரர் எழுந்து வந்தார். "அண்ணாச்சி, மதினிய பேச விடாதிய. டவுன்ல பல்லு டாக்டரம்மா இருக்காவ, அங்கன போயிருவோம்."

முப்பது கிலோமீட்டர். ஒவ்வொரு பள்ளத்திலும் அவள் தாடையைத் தாங்கிப் பிடித்தாள். "வலிக்குதா?" என்று நான் கேட்டுக்கொண்டே வந்தேன். "கேக்காதீங்க" என்றாள், பல் இடுக்கில்.

டாக்டர் இளவயதுப் பெண். பளு தூக்கும்போது பல்லை இறுக்கிக் கடிப்பாள் என்று சொன்னேன். செல்வி பையிலிருந்து, தூக்கும்போது பல்லில் மாட்டும் மவுத்கார்டை எடுத்துக் கொடுத்தாள். வெந்நீரில் போட்டு, கடித்து வடிவம் எடுக்கும் ரகம்.

"பின்னால வெட்டியிருக்கே?"

"குமட்டுச்சு. கத்திரியால வெட்டிட்டேன்."

"அதான்க்கா. கடைசிக் கடவாய்ப்பல்லுக்குத் தாங்கலே இல்ல. முன்னால மட்டும் உசரம். நீங்க இறுக்கிக் கடிக்கையில தாடையோட பின்பக்கம் மேல ஏறி, காதுக்கு முன்னால இருக்க மூட்டப் போய் அமுக்குது."

கட்டைவிரல்களை உள்ளே வைத்துத் தாடையை மெல்லக் கீழே அழுத்தினார். வாய் இன்னும் ஒரு விரல் திறந்தது. பின்பற்களுக்கு இடையில் இரு பக்கமும் பஞ்சு உருளை வைத்து, "லேசாக் கடிங்க" என்றார். செல்வியின் புருவம் தளர்ந்தது. வலி குறைந்திருந்தது.

"நாளைக்குத் தூக்கலாமா?" என்றாள் செல்வி.

"வேண்டாம்னுதான் சொல்லுவேன். பல்லக் கடிச்சா மறுபடி பூட்டிக்கிடும்."

இரவு முழுக்க "போக வேண்டாம்" என்றேன் நான். அவள் போட்டிப் பையை அடுக்கி வாசல் பக்கம் வைத்தாள்.

காலையில் முதல் எடையைக் குறைத்து எழுதிக் கொடுத்தாள். கம்பியை நான் பார்க்கவே இல்லை. அவள் கன்னத்தை மட்டும் பார்த்தேன். உதடு மூடியிருந்தது, கன்னச் சதை இறுகவில்லை. எடை இடுப்பு வரை வந்தது. நடுவர்களின் மூன்று வெள்ளை விளக்குகளும் எரிந்தன, தூக்கு செல்லும். அடுத்த எடையை அறிவிக்கும் முன் அவளே மேசைக்குப் போய் விலகிக்கொண்டாள். "இனிமே பல்லக் கடிக்காம வராதுங்க. போதும்."

கடைசி இடம்தான்.

மவுத்கார்டு வாங்குகிறவர்களுக்கு: கடைசிப் பல் வரை மூட வேண்டும். குமட்டினால் நீங்களே வெட்டாதீர்கள். பல் மருத்துவரிடம் சரிசெய்யச் சொல்லுங்கள். செல்விக்குக் கேட்டதுபோல் வாய் திறக்கையில் காதோரம் 'டக்' என்று கேட்டால் பயணத்துக்கு முன்பே காட்டிவிடுங்கள்.

திரும்பும் பஸ்ஸில் செல்விக்குக் கொட்டாவி வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வாய் பெரிதாகத் திறந்தது. நான் முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்தேன். வாய் மெதுவாக மூடியது.

"சத்தம் வரல" என்றாள், என்னைத் திரும்பிப் பார்த்து.