எலுமிச்சம்பழம் பிழிந்த கிரீஸ்

கஜேந்திரனைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் சல்லடை போட்டுத் தேடினாலும் காண முடியாது. குளவிக்குப் பயம், மண்சரிவுக்குப் பயம், மேலதிகாரி டீமேக்கர் இருமினால் பயம். பதுளைக்கு பஸ்ஸில் போனால் இறங்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையாரைக் கூப்பிடுவான். எங்கள் தோட்டத்துத் தொழிற்சாலையான தேயிலை ஸ்டோரில் நான் கணக்கெழுதும் கிளாக்கர். 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்று அவனை எத்தனை தடவை சீண்டியிருப்பேன்! இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ரோலர்களுக்கு கிரீஸ் போடுவது அவன் வேலை. வாடிய கொழுந்தைக் கசக்குகிற மெஷின்தான் ரோலர். மூன்று இரும்புக் கைகள் ஒரு கனத்த பெட்டியைச் சுற்றிச் சுற்றி இழுக்கும். கையின் மூட்டில் கிரீஸ் வற்றினால் மூட்டு இறுகி, கை முறியும், பெட்டி சாயும். அவனுடைய அப்பா இராசையாவின் இடது கால் அப்படித்தான் போயிற்று. அப்பாவுக்குச் சோறு கொண்டுவந்த கஜேந்திரன் வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டான். வயது ஒன்பது. வளர்ந்த பிறகு அதே வேலைக்குத்தான் வந்தான். வேறு வேலை யார் கொடுத்தார்கள்? அவன் மனைவி லீலாதேவிக்கும் அங்கேதான் வேலை. ரோலருக்கு அடியில் சிந்தும் கொழுந்தைக் குனிந்து போய்க் கூட்டி அள்ளுவாள்.

போன வருஷம் சிவரூபி என்ற யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒரு வாளி புது கிரீஸோடு ஆராய்ச்சிக்கு வந்தாள். பழைய கிரீஸ் கழுவுகிற தண்ணீரோடு ஓடைக்குப் போகிறது, கீழ் லயத்து ஆட்கள் அதில்தான் குளிக்கிறார்கள். இது ஆமணக்கெண்ணெயில் செய்தது, மண்ணில் விழுந்தால் உக்கிப் போகும் என்றாள். அது மட்டுமில்லை. ஒரு கட்டியை எடுத்துக் கத்தியால் கீறிக் காட்டினாள். நாங்கள் பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் கீறல் தானாக மூடிக்கொண்டது.

நான் கை தட்டினேன். கஜேந்திரன் இரண்டடி பின்னால் போனான்.

"இதுக்கு உசிரு இருக்குங்களா மிஸ்?"

"இல்லை அண்ணை, பயப்பிடாதேங்கோ. உள்ளுக்கு இருக்கிற பிணைப்பு அறுந்தாலும் திரும்பப் பிடிக்கும், அவ்வளவுதான். புளிப்பு மட்டும் படக்கூடாது. பட்டால் பிணைப்பு விட்டுத் தண்ணியாப் போயிடும்."

அதை ரோலர் மூட்டுகளில் போட்ட அன்றிலிருந்து அவன் ரசம் ஊற்றிய சோற்றை ஸ்டோருக்குள் கொண்டுவரவில்லை. அவ்வளவு கவனம். ஆனால் பயம் மட்டும் போகவில்லை. அறுத்தால் ஒட்டிக்கொள்கிற ஒன்று என்றைக்காவது காவு கேட்கும் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டான்.

ஆயுதபூஜை வந்தது. மெஷின்களைக் கழுவி, சந்தனமும் குங்குமமும் வைத்து, எலுமிச்சம்பழம் வெட்டிப் பிழிவது எங்கள் வழக்கம். மற்ற வருஷங்களில் ரோலரின் காலடியில் இரண்டு சொட்டு விடுவான். அந்த வருஷம் மற்றவர்கள் சுண்டலுக்குப் போன நேரம் பார்த்து, மூட்டின் மூடியைத் திறந்து, உள்ளே இருப்பது சாந்தமாகட்டும் என்று முழுப் பழத்தையும் கிரீஸிலேயே பிழிந்துவிட்டான்.

மறுநாள் காலை லீலாதேவி முன்னாடியே வேலைக்குப் போய்விட்டாள். அவள் வைத்துவிட்டுப் போன ரொட்டியைத் தேங்காய்ச் சம்பலில் தொட்டு வாயில் வைத்தான். எலுமிச்சை தூக்கலாக இருந்தது. பல் கூசியது. எலுமிச்சையும் புளிப்புத்தானே என்று அப்போதுதான் அவனுக்குப் பொறி தட்டியது. ரொட்டியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தான். ஸ்டோர் சங்கு ஊதியது.

ஓடி வந்தான். வரும் வழியெல்லாம் இன்னொரு பயமும் கூடவே ஓடி வந்ததாம். சொன்னால் வேலை போகும். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது?

அவன் உள்ளே வந்தபோது ரோலர் ஓடிக்கொண்டிருந்தது. என் மேசையிலிருந்து பார்த்தேன். தூணைப் பிடித்துக்கொண்டு நடுங்கினான். இன்றைக்கு எதற்குப் பயமோ என்று நான் சிரித்தேன், பாவி. மூட்டிலிருந்து கஞ்சித்தண்ணி போல ஏதோ வடிந்தது. அதற்கு நேர் கீழே லீலாதேவி விளக்குமாறோடு குனிந்து போனாள். அவன் அவள் பெயரைக் கூப்பிட வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. மூட்டு கிரீச்சிட்டது. ஒரே பாய்ச்சலில் போய்ப் பெரிய சுவிட்சை இழுத்துவிட்டான்.

ஸ்டோர் முழுக்க அமைதியாகிவிட்டது. டீமேக்கர் கத்திக்கொண்டு வந்தார். "எவன்டா நிப்பாட்டுனது?"

"நான்தாங்க. கிரீஸுல எலுமிச்சம்பழம் புழிஞ்சிட்டேங்க." டீமேக்கர் முகத்தை நேராகப் பார்த்து அவன் பேசியதை அன்றுதான் கண்டேன்.

மத்தியானம் சிவரூபி வந்து மூட்டைக் கழற்றினாள். உள்ளே இரும்பு வரி வரியாகத் தேய்ந்திருந்தது. "இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தால் ரோலர் கை முறிஞ்சிருக்கும்" என்றாள். "புளிப்பு எண்டு சொன்னன். தேசிக்காய் எண்டு சொல்ல எனக்குத் தோணேல்லையே." எலுமிச்சம்பழத்தைத்தான் அவர்கள் ஊரில் தேசிக்காய் என்பார்கள்.

அது ஒன்றும் டீமேக்கர் காதில் ஏறவில்லை. இரண்டு கிழமைக்கு வேலை இல்லை, அதற்குப் பிறகு வேலை உண்டா என்பதைத் தோட்டத்துத் துரை சொல்வார் என்றார்.

கஜேந்திரன் வெளியே வந்தான். வாசலில் லீலாதேவி மறித்துக்கொண்டாள். தலை முழுக்கக் கொழுந்து, கண் முழுக்கக் கோபம்.

"இருவது வருசமா அதுக்கு அடியிலதான் கூட்டுறேன். இன்னைக்குத்தான் ஒங்களுக்குப் பயம் வந்துச்சா?"

"தெனமும்தான் புள்ள" என்றான். "நீ குனிஞ்சு உள்ள போறப்பெல்லாம் எனக்கு மூச்சு நின்னுரும். நீ வெளிய வந்து நிமிந்த பொறவுதான் திரும்ப வரும்."

மேலும் திட்ட வாயெடுத்தவள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.